அக்காவின் போனுக்கு ஒரு கேபிள்

ஒரு தொலைபேசியின் சின்னத் திரையில் தீபாவளி விளக்குப் படம் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு, அந்தத் தொலைபேசியையே கொன்றவன் நான். பொறியியல் பட்டம் வாங்கியவனும் நான்தான். இந்த இரண்டு தகவலையும் அடுத்தடுத்துச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பிரித்துச் சொன்னால் கதை விளங்காது.

அப்போது எனக்கு நாற்பது முடிந்திருந்தது. சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் தரைத்தளத்தில், கார்கோ அலுவலகம் ஒன்றில் வேலை. கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றுகிற தொழில். கம்பளி, சாக்லெட், தைலம், பால் மாவு, சோப்பு. ஒருவர் இங்கிருந்து இட்லிப் பானை அனுப்பினார். ஏன் என்று கேட்கக்கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். சுங்கத்துறைக்குப் புரிகிற மாதிரி கம்பளியைக் கம்பளி என்று எழுதுவது என் வேலை. வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருந்த ஒருவனின் இலக்கியப் பணி அன்றைக்கு அந்த அளவில்தான் இருந்தது. போதாததற்கு, ஒருமுறை பிரிண்டரில் மை மாற்றியதால் கணினித் துறையும் என் தலையில் வந்து விழுந்தது.

வாசலை ஒட்டிய மேசை அக்காவுடையது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தினமும் பிடோக்கிலிருந்து வருவார். ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டதாக அவரே சொல்வார். தாண்டி எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று மட்டும் சொல்லமாட்டார். பெட்டியை எடை போடுவது, எண் ஒட்டுவது, நாடா சுற்றுவது எல்லாம் அவர்தான். ஆனால் உண்மையான வேலை, மேசை மேலிருந்த அந்தக் கறுப்புப் போன். வெளியிலிருந்து வரும் அழைப்பு அதில் மட்டும்தான் அடிக்கும். எனக்கும் முதலாளிக்கும் இருந்த போன்கள் அது பெற்ற பிள்ளைகள் மாதிரி. அது கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும்.

அந்தப் போனில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "அக்கா, என் பெட்டி போச்சா?"

கேட்பவர் பெயர் சொல்லமாட்டார். ரசீது எண்ணும் சொல்லமாட்டார். கிராஞ்சியில் ஏதோ தொழிலாளர் விடுதி மாடிப்படியில் நின்றுகொண்டு, என் பெட்டி போச்சா என்பார். உலகத்திலேயே ஒரே ஒரு பெட்டிதான் இருப்பதுபோல. அக்காவுக்கும் அது போதும். பக்கத்தில் அவர் டீ ஆறிக்கொண்டிருக்கும்.

"யாரு, சிவப்புக் கயிறு கட்டுன பெட்டியா? கப்பல் ஏறிருச்சு தம்பி. உங்கம்மாகிட்ட ஊர்ல நம்ம ஆபீசுக்குச் சும்மா சும்மா போய்ப் பாக்க வேணாம்னு சொல்லு. வந்தா நாங்களே கூப்பிடுவோம் லா. இருமல் இன்னும் போகலியா?"

முதலாளியைக் கேட்டு வருகிற அழைப்புக்கு வேறு முறை. முதலாளி காரைக்கால்காரர், மூன்று தலைமுறையாக இங்கே வியாபாரம். நல்ல மனிதர். பசிவந்தால் மட்டும் வேறு மனிதர். அக்கா அவர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையால் வாயை மறைத்துக்கொண்டு சொல்வார்: "இப்ப வேணாம். பாய் துறைமுகத்துல சண்டை போட்டுட்டு வந்து உக்காந்திருக்காரு. சாப்ட்டதும் நானே லைன் குடுக்கறேன்." அப்படியே கொடுப்பார். எந்தக் கடன் தள்ளுபடியும் எந்தப் புது ஒப்பந்தமும் எங்கள் அலுவலகத்தில் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் நடந்ததில்லை என்பதை வெளியே யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

இனி என் திருப்பணி. தீபாவளிக்கு முந்தின வாரம். தெருவெல்லாம் விளக்கு அலங்காரம். அக்காவின் போனில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை உண்டு. அதில் நேரமும் எண்ணும் மட்டும் காட்டும். அது இணையத்தில் ஓடுகிற போன், உள்ளே ஒரு குட்டிக் கணினி என்று எனக்குத் தெரியும். அதற்குள் வேறு மென்பொருளை ஏற்றினால் திரையில் படம் போடலாம் என்று இணையத்தில் எவனோ எழுதியிருந்தான். அவன் யார், எந்த ஊர், அவன் போன் பிறகு பிழைத்ததா என்றெல்லாம் நான் விசாரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், அக்கா பார்த்துக்கொண்டிருக்க, ஏற்றினேன். பாதியில் நின்றது. திரை இருண்டது. பிறகு ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்து, அணைந்து, எரிந்து, அணைந்துகொண்டிருந்தது.

"விளக்கு வந்துருச்சு தம்பி," என்றார் அக்கா. "இதுதானா?"

போனை விற்ற கம்பெனியின் விற்பனையாளரைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். ஒலிபெருக்கியைப் போட்டுப் பேசியது அன்றைய இரண்டாவது முட்டாள்தனம். அவர் தமிழ்ப் பையன்தான். குரலில் இரக்கமே இல்லை, மகிழ்ச்சிதான் இருந்தது.

"சார், அந்த மாடல் இப்ப வர்றதில்ல. புது சிஸ்டம் போட்டுருங்க. பாய்கிட்ட ஏற்கெனவே டெமோ காட்டிட்டேன். மெஷினே போனை எடுத்துப் பேசிடும். தமிழுக்கு மூணை அமுக்குங்கன்னு சொல்லும். பெட்டி நம்பரை அடிச்சா பதில் சொல்லும். ஆளே வேணாம் சார்."

அக்கா எடைக்கருவி மேல் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு, எடையைப் பார்க்காமலே நின்றார்.

முதலாளி தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். அவரிடம் மறைக்க முடியாது, கூப்பிட்டுச் சொன்னேன். பின்னணியில் நாதஸ்வரம் மாதிரி ஏதோ ஒலித்தது, அல்லது பக்கத்து மண்டபமாக இருக்கலாம். பொறுமையாகக் கேட்டார்.

"நான் திங்கக்கிழமை காலைல வர்றேன். அதுக்குள்ள போன் பேசினா பேசட்டும். இல்லேன்னா அந்தப் பையன் சொன்ன மெஷினையே போட்டுருவோம். எத்தனை நாளைக்கு இழுத்தடிக்கிறது?"

மெஷின் வந்தால் அக்காவின் வேலை போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பெட்டி தூக்க ஒரு பையனை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் முன்பே ஒருமுறை யோசித்தது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாடா உருளையைத் திருப்பித் திருப்பி, அதன் முனையை நகத்தால் தேடிக்கொண்டே பேசினார்.

"இந்த வயசுல எவன் லா எனக்கு வேலை குடுப்பான்? ஃபுட் கோர்ட்ல தட்டு எடுக்கக் கூப்பிடுவான். அதுக்கும் முட்டி வலி இருக்கக்கூடாதாம்."

"அக்கா, நான் சரி பண்ணிருவேன்."

"நீங்க சரி பண்ணப் போயித்தானே தம்பி இப்படி ஆச்சு."

அன்றிரவு புக்கிட் பாத்தோக்கில் என் வீட்டுக்குப் போனதும் அந்தப் போனைப் பற்றி இணையத்தில் என்னென்ன எழுதியிருக்கிறதோ எல்லாவற்றையும் படித்தேன். பழைய நூல்களுக்கு உரை எழுதியவர்களைப் பற்றி எனக்கு அதுவரை ஒரு குறை உண்டு. ஆளுக்கொரு பாடம் சொல்லி அடுத்தவரை மறுப்பார்களே என்று. இந்தப் போனைப் பற்றி எழுதியிருந்தவர்களைப் படித்தபின் உரையாசிரியர்கள் எல்லோரும் ஒற்றுமையின் சின்னமாகத் தெரிந்தார்கள். ஆனால் ஒன்றில் மட்டும் அத்தனை பேரும் ஒத்துப்போனார்கள். போனின் முதுகில், யாரும் பயன்படுத்தாத ஒரு சின்னத் துளை இருக்கிறது. பார்க்க ரிசீவர் கயிறு செருகுகிற துளை மாதிரியே இருக்கும். போன் விழித்தெழும்போது என்னென்ன செய்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்பதையெல்லாம் அது அந்தத் துளை வழியாக முணுமுணுத்துக்கொண்டே இருக்குமாம். சரியான கேபிள் செய்து கணினியோடு இணைத்தால் அந்த முணுமுணுப்பைத் திரையில் படிக்கலாம், பதிலும் தட்டலாம். கேபிள் கடையில் கிடைக்காது. செய்யத்தான் வேண்டும்.

சனிக்கிழமை காலை ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் மின்சாமான் விற்கும் கட்டடத்துக்குப் போனேன். கணினியின் யூஎஸ்பி துளையில் செருகினால் மறுபக்கம் இந்தப் பழைய முணுமுணுப்பு மொழி பேசுகிற சின்னப் பலகை ஒன்று வேண்டும். நகத்தளவு. கடைக்காரச் சீனப் பெரியவர் எதற்கென்று கேட்டார். போனுக்கு என்றேன். "வை நாட் பை நியூ ஒன்?" என்றார். அவரிடம் அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதிக் கதையில் அவர் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

துளைக்குள் நுழையும் முனை வேண்டுமே. என் மேசைப் போனின் சுருள் கயிற்றையே வெட்டினேன். அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு போன் செத்திருந்தது, இப்போது இன்னொன்று ஊமையானது. அக்கா பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்கு எண் ஒட்டினார்.

வெட்டிய கயிற்றுக்குள் நான்கு மெல்லிய கம்பிகள். தோலைச் சீவினால் உள்ளே செம்பு இல்லை. நூல்! தையல் நூல் மாதிரி ஒரு நூல், அதன்மேல் சரிகை சுற்றினாற்போல மெல்லிய உலோகத் தகடு. ரிசீவரை ஆயிரம் தடவை இழுத்தாலும் அறுந்துவிடாமல் இருக்க அப்படிச் செய்கிறார்களாம். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான்கு வருடம் மின்னணுவியல் படித்தபோது ஒருவரும் இதைச் சொல்லவில்லை, அல்லது சொன்ன நாளில் நான் வகுப்பில் இல்லை. ஈயப்பற்று வைக்கும் கோலைச் சுடவைத்து முனையில் தொட்டேன். ஈயம் ஒட்டவில்லை. நூல் கருகியது. கடைவீடு முழுக்கப் பட்டுப்புடவையில் நெருப்புப் பட்ட நாற்றம்.

பெட்டி கொண்டுவந்திருந்த ஒருவர் மூக்கைச் சுளித்தார். "அக்கா, என்ன தீயிற வாடை?"

"என் வேலை," என்றார் அக்கா. "பெட்டியை இதுல வை."

இரண்டாவது முனையும் கருகியது. மூன்றாவதும். ஒவ்வொரு தடவையும் கயிறு கொஞ்சம் குட்டையானது. எஞ்சியிருந்தது ஒரு சாண்தான். இனி ஒட்ட முடியாது, நசுக்கிப் பிடிக்கத்தான் முடியும் என்பது மெதுவாக எனக்கு உறைத்தது. கூரை விளக்கு மாட்டும்போது கம்பிகளை இணைக்க வெள்ளைப் பிளாஸ்டிக் கட்டை ஒன்று வைப்பார்களே, இரண்டு பக்கமும் திருகாணி வைத்தது, அதைப் பக்கத்து வன்பொருள் கடையில் வாங்கிவந்தேன். சரிகை நூலை மடித்து, உள்ளே விட்டு, திருகாணியை இறுக்கினேன். பிடித்தது. மறுபக்கம் சின்னப் பலகையின் கம்பிகள். பார்ப்பதற்குப் பள்ளிக்கூடக் கண்காட்சியில் ஆறுதல் பரிசு கிடைக்கிற சாமான் மாதிரி இருந்தது.

மாலையில் செருகிப் பார்த்தேன். கணினித் திரையில் ஒன்றுமே இல்லை. வெறும் கறுப்பு. அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல."

"சரி, ஏதாவது சொன்னா சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். நடை வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. முட்டி வலியாகவும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் தொழிலுக்குத் திருவிழா. விடுதிகளிலிருந்து லாரியிலும் பஸ்ஸிலும் வந்து இறங்குகிற கூட்டம் முழுக்கச் சந்துக்குள் நிற்கும். அன்று எல்லோரும் ஒரே குறையோடு வந்தார்கள்.

"போன் அடிச்சேன், எடுக்கவே இல்ல. அக்கா வேலையை விட்டுட்டாங்களோன்னு நெனச்சேன்."

"நான் விடல தம்பி," என்றார் அக்கா, என் பக்கம் தாடையால் காட்டி. "அவரு விட வைக்கிறாரு."

கூட்டம் என்னைப் பார்த்தது. இட்லிப் பானை அனுப்பியவரும் அதில் இருந்தார். அவர் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தலையைக் குனிந்து கட்டையைப் பார்த்தபோது தவறு கண்ணில் பட்டது. மூன்றே கம்பிதான் வேலை: பேச ஒன்று, கேட்க ஒன்று, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒன்று. நான் போனின் பேசும் கம்பியைக் கணினியின் பேசும் கம்பியோடும், கேட்கும் கம்பியைக் கேட்கும் கம்பியோடும் சேர்த்திருந்தேன். ஒழுங்கும் அழகுமாக, வாயோடு வாய், காதோடு காது. பட்டிமன்றத்தில்தான் அப்படி நடக்கும். ஆண்டுக்கணக்கில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவனுக்கு அது இயல்பாகவே தோன்றியிருக்க வேண்டும். இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி, கம்பிகளை மாற்றிப் போட்டேன். போனுக்கு மின்சாரம் கொடுத்தேன்.

திரை முழுக்கக் கட்டங்களும் கேள்விக்குறிகளும் கொட்டின. அர்த்தமில்லை, ஆனால் பேச்சு! இரண்டு பேரும் ஒரே வேகத்தில் பேச வேண்டும், அவ்வளவுதான். வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் குப்பை நின்று, எழுத்துகள் வரிசையாக இறங்கின. நினைவகம் சரி. திரை சரி. பித்தான்கள் சரி. மென்பொருள் பாதிதான் இருக்கிறது. எழ முடியவில்லை. மறுபடி முயல்கிறேன். நினைவகம் சரி. திரை சரி.

எத்தனையோ படித்திருக்கிறேன். அன்று அந்த வரிகளைப் படித்தபோது வந்த பரவசம் வேறு எதிலும் வந்ததில்லை என்று சொன்னால் என் அலமாரி கோபித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தப் போன் ஒவ்வொரு நிமிடமும் எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்திருக்கிறது. கேட்கத்தான் யாரும் இல்லை.

அக்கா பெட்டிகளை விட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "என்ன சொல்லுது?"

"எந்திரிக்க முடியல, எந்திரிக்க முடியலன்னு சொல்லுது அக்கா."

"நானும் காலைல அப்படித்தான் சொல்றேன். யாரு கேக்கறா?"

தயாரித்தவர்களின் தளத்திலிருந்து உண்மையான மென்பொருளை எடுத்துக் கணினியில் வைத்தேன். போன் விழுவதற்கு முன் கிடைத்த ஒரு கண இடைவெளியில் கணினியில் ஒரு பித்தானைத் தட்டி நிறுத்தினேன். உனக்கு வேண்டியது இங்கே இருக்கிறது, வந்து எடுத்துக்கொள் என்று தட்டெழுதினேன். அது புள்ளி புள்ளியாக எடுத்துக்கொண்டது. கோலப்புள்ளி மாதிரி திரை முழுக்க. சந்தில் நின்றிருந்த கூட்டம் என்ன என்று தெரியாமலே அமைதியானது. சிவப்பு விளக்கு பச்சையானது. தீப்பெட்டித் திரையில் நேரம் வந்தது, ஐந்து மணி நேரம் தவறாக.

நான் மூச்சு விடுவதற்குள் மணி அடித்தது.

அக்கா பாய்ந்து எடுத்தார். "அலோ... ஆ, பாய்! கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுச்சா? பிரியாணி எப்படி?... போனா?" என்னைத் திரும்பிப் பார்த்தார். "போனுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு. நீங்கதான் பேசிட்டு இருக்கீங்களே... பின்னால சத்தமா? ஒண்ணுமில்ல லா, பிள்ளைங்க கை தட்டுறாங்க. ஞாயித்துக்கிழமைல்ல."

திங்கட்கிழமை காலை முதலாளி நேராக அக்காவின் மேசைக்கு வந்தார். போனை எடுத்து, காதில் வைத்து, கீழே வைத்தார். விற்பனையாளருக்கு அவரே அழைத்தார். அவர் சொன்ன காரணத்தில் உணர்ச்சிக்கு இடமே இல்லை.

"தம்பி, உன் மெஷின் பேசும், சரி. பெட்டி எடை போடுமா? நாடா சுத்துமா? அப்ப ஆள் வேணும்ல? ஆளே போனையும் எடுத்துக்கட்டும்."

அக்கா அதற்கப்புறமும் பல வருடம் அந்த மேசையில் இருந்தார். என் மேசைப் போனுக்குப் புதுக் கயிறு வாங்க மட்டும் முதலாளி கடைசிவரை சம்மதிக்கவில்லை. வெட்டியவனே ஒட்டட்டும் என்றார்.

அந்தக் கடைவீடு இப்போது பயணிகள் தங்கும் விடுதி. முதலாளியின் மகன் கிடங்கு ஒன்றிலிருந்து தொழிலை நடத்துகிறார். பெட்டி போச்சா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. கைப்பேசியில் பெட்டி போகிற கப்பலையே வரைபடத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். நான் வீட்டிலிருந்தபடியே தலையில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களோடு வேலை செய்கிறேன். என் அழைப்புகளை ஒரு மெஷின்தான் எடுக்கிறது. எங்காவது ஒரு போன் நிஜமாகவே மணி அடித்தால், யாரோ செத்துப்போன மாதிரி எல்லோரும் திடுக்கிடுகிறார்கள். எனக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தும், சரிகை கருகிய நாற்றமும், கைதட்டலும் வந்து நிற்கின்றன.

போன தீபாவளிக்கு முன், தெருவில் துணிக்கடை வாசலில் அக்காவைப் பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்று, கையில் தடியோடு. காப்பிக்கடையில் உட்காரவைத்து, அந்த மூன்று நாளைப் பற்றி நான் பேசினேன், பேசினேன், பேசிக்கொண்டே இருந்தேன். கேபிள், கட்டை, கோலப்புள்ளி எல்லாவற்றையும் சொல்லி, அன்றைக்கு அந்தப் போன் உயிர் பிழைக்காமல் போயிருந்தால் என்று பெருமூச்சோடு நிறுத்தினேன்.

அக்கா கோப்பையை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"பயம் ஒரு பக்கம் இருந்துச்சு தம்பி, இல்லேங்கல. ஆனா அத்தனை வருஷத்துல அந்த மூணு நாள்தான் நான் டீயை ஆறாம குடிச்சேன்."